கை தவறியதை வெட்டாதீர்கள்

தூத்துக்குடிக்கு வந்துவிட்டு மக்ரூன் வாங்காமல் ரயில் ஏறுகிறவர்கள் வெகு சிலர். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு, இந்த மூன்றே சாமான்தான். சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் கரையும். மூன்று சாமான்தானே, இதை வீட்டிலேயே செய்து பார்த்தால் என்ன என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். முன்காலத்தில் அப்படித் தோன்றினால் பாட்டியைக் கேட்டார்கள். பிறகு பத்திரிகையைப் புரட்டினார்கள். இன்று செல்போனை எடுத்து யூடியூபைத் தட்டுகிறார்கள்.

தட்டியதும் வந்து நிற்கும் பாடங்களில் இரண்டு ரகம் உண்டு.

ஒன்று, வெட்டே படாத ரகம். "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, வீட்டு நாய்க்குட்டியின் க்ஷேமத்தையும் விசாரித்துவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் வருவார்கள். வந்ததும் கரண்டியைக் காணோம். கரண்டி தேடுவதையும் நாம் பார்க்க வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் கொடுக்கும். நமக்கு வேண்டிய விஷயம் வருவதற்குள் நம் வீட்டு அடுப்பில் இருக்கும் பால் பொங்கிவிடும்.

இன்னொன்று, வெட்டித் தள்ளிய ரகம். முட்டையை உடைப்பார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் பாத்திரம் நிறையப் பஞ்சு மாதிரி நுரை! மறு நிமிஷம் தட்டு நிறைய மக்ரூன்! ஜாலவித்தைக்காரன் தொப்பியிலிருந்து முயல் எடுக்கிற மாதிரிதான். பார்க்க ஆனந்தமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் வயிற்றெரிச்சல்.

சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுக்கிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. கையில் ஒரு செல்போனும் மனசில் ஓர் ஆசையுமாகப் பொழுதுபோக்குக்கு இதைச் செய்கிற பெண்கள் இன்று ஊர் தோறும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பாடத்தை வெட்டி ஒட்ட வேண்டுமா, எடுத்தபடியே போட வேண்டுமா? இதுதான் கேள்வி. சின்னக் கேள்வி மாதிரித் தோன்றும். எங்கள் தெருவில் இதனால் ஒரு வாரம் இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சே இல்லாமல் போயிற்று.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், விடுமுறையில் மக்ரூன் செய்து படம் எடுத்துப் போட்டாள். மூன்று நிமிஷப் படம். வெகு லட்சணமாக இருந்தது. அதைப் பார்த்து அவளுடைய அத்தை செய்தாள். பேரனுக்குப் பிறந்த நாள். அதற்காகப் பன்னிரண்டு முட்டை. சாயங்காலம் அத்தை கையில் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒன் படத்தப் பாத்துத்தானே செஞ்சேன்? அடிச்சு அடிச்சுக் கை அத்துப் போச்சு. கஞ்சித் தண்ணி மாதிரிக் கெடக்கு, பாரு!"

பெண் பாத்திரத்தைத் தடவிப் பார்த்தாள். "அத்தை, இதுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு. எனக்கும் மொதத் தடவ இப்படித்தான் போச்சு."

"ஒனக்கும் போச்சா? அத ஏன் படத்துல காட்டல?"

"எடுத்தேன் அத்தை. பாக்கதுக்கு நல்லா இல்லன்னு வெட்டிட்டேன்."

அத்தை பதில் பேசவில்லை. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும்போது அதிலுள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவர் கட்டுகிறது. மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், அந்தக் கொழுப்பு சுவரை நிற்கவிடாது. இந்த விஷயத்தை அந்தப் பெண் எந்தப் புஸ்தகத்திலும் படிக்கவில்லை. தன் முட்டை கெட்டுப் போனபோது தெரிந்துகொண்டாள். அவள் படத்திலேயே பார்க்கிறவளுக்கு உபயோகமான பகுதி அதுதான். அதைத்தான் அழகாக இல்லை என்று வெட்டி எறிந்தாள்.

பெண்ணின் கட்சியையும் கேட்க வேண்டும் அல்லவா? "முக்கால் மணி நேரம் ஓடுற படத்த யாரு அக்கா பாப்பா? பத்து விநாடி பொறுமை இல்ல, தள்ளிட்டுப் போயிருதாங்க" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. யூடியூபில் முதல் முதலாக ஏற்றப்பட்ட படம் 2005 ஏப்ரல் 23-ல் வந்தது. அந்த ஸ்தாபனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவில் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய 19 விநாடிப் படம். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. அடுத்த வருஷமே, சாதாரண ஜனங்கள் ஏற்றும் படம் பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்தார்கள். 2010-ல் அந்தக் கட்டு தளர்ந்தது. ஆனால் 2020 செப்டம்பரில் 'ஷார்ட்ஸ்' என்னும் குட்டிப் படங்களை முதல் முதலாக இந்தியாவில்தான் ஆரம்பித்தார்கள். அறுபது விநாடிக்குள் எல்லாம் முடிய வேண்டும். 2024 அக்டோபரில் அதை மூன்று நிமிஷமாக நீட்டினார்கள். ஆக, சுருக்கு, சுருக்கு என்று சட்டையைப் பிடித்து இழுக்கிற இடத்தில்தான் நம் பெண்கள் பாடம் நடத்துகிறார்கள்.

மக்ரூனோ சுருக்கத்துக்கு அடங்காத பண்டம். நுரை எழும்புவதற்கே நேரம் ஆகும். சர்க்கரையைச் சிறுகச் சிறுகத்தான் போட வேண்டும். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை அசையாமல் நிற்கும் வரையில் அடிக்க வேண்டும். அப்புறம் முந்திரித் தூளைக் கிளறாமல், அமுக்காமல், கீழிருந்து மேலாக மெதுவாகப் புரட்டிச் சேர்க்க வேண்டும். காகிதக் கூம்பில் போட்டுப் பிழிந்த பிறகும் வேலை முடிவதில்லை. பழைய பேக்கரிகளில் பகலெல்லாம் ரொட்டி சுட்டு ஓய்ந்த விறகடுப்பின் மிச்சச் சூட்டிலே இராமுழுதும் வைத்துவிடுவார்கள். மக்ரூன் வேகிறது என்பதைவிட உலருகிறது என்பதே பொருத்தம். உலர்ந்ததை உடனே டப்பாவில் போட்டு மூடாவிட்டால், நம் கடற்காற்றின் ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சிக்கொண்டு பிசுபிசுத்துவிடும்.

இராமுழுதும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து படம் எடுக்கச் சொல்ல முடியுமா? முடியாது. ஆகையால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லலாமே! "இப்போது இரவு ஒன்பது மணி. அடுப்பு இளஞ்சூட்டில் இருக்கிறது. காலை வரையில் தொட மாட்டேன்." இவ்வளவுதான். நான்கு விநாடி ஆகும். காலத்தைச் சுருக்கினாலும் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் சுருக்கும்போதுதான் பார்க்கிறவள் மோசம் போகிறாள். "அவளுக்கு ஐந்து நிமிஷத்தில் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை? எனக்குக் கைப்பதம் போதாது போலிருக்கிறது" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். முட்டை போனால் வாங்கிக்கொள்ளலாம். கையில் இருக்கிற நம்பிக்கை போனால் எந்தக் கடையில் வாங்குவது?

தவறைக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் 1963-ல் பாஸ்டன் நகரத்து டெலிவிஷனில் ஜூலியா சைல்ட் என்ற அம்மாள் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். பணம் அதிகமில்லாத நிலையம். நிறுத்தி நிறுத்தி எடுத்து ஒட்டுவதற்கு வசதி கிடையாது. ஆரம்பித்தால் முடிகிற வரைக்கும் ஒரே ஓட்டம்தான். ஒரு நாள் உருளைக்கிழங்கு அடையைச் சட்டியிலிருந்து மேலே எறிந்து திருப்பப் போனாள். பாதி அடுப்பு மேலேயே விழுந்துவிட்டது. அம்மாள் கலங்கவில்லை. திருப்பும்போது தனக்குத் தைரியம் போதவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டே, விழுந்ததை எடுத்துச் சட்டியில் சேர்த்துக்கொண்டாள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அம்மாள் பிசகில்லாமல் செய்து காட்டிய எத்தனையோ பண்டங்களை மறந்தவர்கள்கூட இந்த ஒரு அடையை மறக்கவில்லை. மதிப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. "நம்மைப் போல ஒருத்தி" என்ற பிரியம்தான் கூடிற்று.

இதிலிருந்து, வெட்டாமல் போடுவதே உத்தமம் என்று தீர்மானம் செய்துவிடக் கூடாது. நம் ஊரிலேயே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' புஸ்தகத்தை வெளியிட்டார். அடுப்படியில் நடப்பதையெல்லாம் அவர் எழுதியிருந்தால் புஸ்தகத்தைத் தூக்க வண்டி வேண்டியிருந்திருக்கும். வேண்டாததை விட்டார், அளவையும் பக்குவத்தையும் விடவில்லை. கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் போன பெண், பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல், அதைத் திறந்து வைத்துக்கொண்டு சாம்பார் வைத்தாள். எதை விடுவது, எதை விடக் கூடாது என்று தெரிந்திருப்பதுதான் சொல்லிக் கொடுக்கிறவளின் சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியம் நம் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரையில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, கழுவி, மிஞ்சிய மண்ணையும் காயவைத்துத் திரும்பத் திரும்பத் துழாவுவார்கள். கிடைத்த முத்துக்களைத் தரம் பிரிக்கப் பழைய நாளில் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளை. கடைசிச் சல்லடையில் 1000 துளை. முதல் சல்லடையில் நிற்காமல் விழுந்ததைக் குப்பை என்று யாரும் கொட்டிவிடவில்லை. அடுத்த சல்லடையில் போட்டார்கள். பொடி முத்துக்கும் ஒரு விலை உண்டு. நாற்றமும் மண்ணும் வேண்டாம். ஆனால் கழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் துழாவிப் பார் என்பதுதான் அந்தத் தொழிலின் பழக்கம். படத்தை வெட்டுகிற பெண்ணுக்கும் இதைவிட நல்ல யோசனை வேண்டியதில்லை.

இன்று அதே கடலிலிருந்து மீனவர்களே படம் எடுத்துப் போடுகிறார்கள். 'தூத்துக்குடி மீனவன்' என்று ஒரு சானல் இருக்கிறது. ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து 'உங்கள் மீனவன் மூக்கையூர்' என்று ஒன்று வருகிறது. வலை போடுவது, மீனின் பெயர், அதை ஆய்வது, சமைப்பது எல்லாம் காட்டுகிறார்கள். கடலில் கழிந்த பொழுது முழுவதையும் காட்டுவதில்லை. அவர்களும் வெட்டத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் படகு ஆடுவது தெரிகிறது, காற்றின் இரைச்சல் கேட்கிறது. கரையிலே உட்கார்ந்து மீனுக்குப் பேரம் பேசுகிற நமக்கு, அதன் விலையிலே என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது அந்த ஆட்டத்தைப் பார்த்தால்தான் புரியும்.

சமையலோடு விஷயம் நிற்பதில்லை. மிக்ஸி, தையல் மெஷின், முகத்துக்குப் பூசும் கிரீம், இவற்றையெல்லாம் உபயோகித்துப் பார்த்துக் குணதோஷம் சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நம்பிக் குடும்பத் தலைவி மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்து நீட்டுகிறாள். இங்கே கத்தரிக்கோல் தவறான இடத்தில் பட்டால் அது அழகுபடுத்துவது ஆகாது, ஏமாற்று ஆகிவிடும். உளுந்து அரைக்கும்போது மிக்ஸி சூடேறி நின்றுபோயிற்று. அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்ததை மட்டும் காட்டினால் அதற்கு என்ன பெயர்? அந்த மிக்ஸியே கம்பெனி இனாமாகக் கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால்?

இதற்குச் சட்டமே இருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஜனங்களைத் தவறான வழியில் இழுக்கும் விளம்பரத்துக்குப் பரிந்து பேசுகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு தனியாகவே விதிமுறை வெளியிட்டது. பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டும் அல்ல, வீட்டிலிருந்து படம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இனாமாக வந்தது என்ற ஒரு வார்த்தையை எந்தக் கத்தரிக்கோலும் தொடக் கூடாது.

பார்க்கிறவர்களுக்கு முன்பு ஒரு சௌகரியம் இருந்தது. படம் பிடிக்கவில்லை என்று எத்தனை பேர் கட்டை விரலைக் கவிழ்த்தார்கள் என்ற எண்ணிக்கை தெரியும். செய்து பார்த்து ஏமாந்தவர்கள் அதிகமா, குறைவா என்று ஓர் ஊகம் செய்யலாம். 2021 நவம்பரில் யூடியூப் அந்த எண்ணிக்கையை மறைத்துவிட்டது. ஆகவே படம் போடுகிறவரின் யோக்கியதையை முன்னைவிட அதிகமாக நம்ப வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். சொல்லவே மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூரில், படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்ற ஓர் இளம் தாய் இரத்தப்போக்கினால் இறந்து போனாள். குழந்தை பிழைத்தது. அந்தக் குடும்பத்தாரை இங்கே குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு படம் நல்லபடியாக முடிந்த ஒரு சம்பவத்தைத்தான் காட்டும். நல்லபடியாக முடியாமல் போனவை படமாக வருவதில்லை. முட்டையானால் பன்னிரண்டோடு நஷ்டம் தீர்ந்தது. உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் எந்தப் படமும், வெட்டியதானாலும் வெட்டாததானாலும், டாக்டருக்கும் நர்ஸுக்கும் பதிலாக முடியாது. காஸ், மின்சாரம், மருந்து இவை சம்பந்தமான படம் போடுகிறவர்கள், எங்கே ஆபத்து என்று சொல்லும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் படத்தையே போடக் கூடாது.

ஆக, என் அபிப்பிராயம் இதுதான். வாய் தவறியதை வெட்டுங்கள். கை தவறியதை வெட்டாதீர்கள். தொண்டை கனைப்பது, சொன்னதையே சொல்வது, கரண்டி தேடுவது, "மறக்காமல் ஸப்ஸ்க்ரைப் செய்யுங்கள்" என்று ஐந்து தரம் கெஞ்சுவது இவையெல்லாம் பேசுகிறவரைச் சேர்ந்தவை. வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. நுரை எழும்பாதது, அடி பிடித்தது, தையல் கோணலாகிப் பிரித்துத் தைத்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது இவையெல்லாம் வேலையைச் சேர்ந்தவை. அவற்றின் நீளத்தைக் குறைக்கலாம். இல்லாமலே செய்துவிடக் கூடாது.

முழுவதையும் பார்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2020 முதல் யூடியூபில் ஒரு படத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துத் தலைப்புக் கொடுக்கலாம். "முட்டை அடிப்பது" என்று ஒரு தலைப்பு, "முதல் தடவை ஏன் கெட்டது" என்று ஒரு தலைப்பு. அவசரக்காரி தாண்டிப் போவாள். வேண்டியவள் நின்று பார்ப்பாள். அளவுகளைப் படத்துக்குக் கீழே எழுதியும் வைக்கலாம். காசு செலவில்லை.

எங்கள் தெருப் பெண் வெட்டிய துண்டை நல்லவேளையாக அழிக்காமல் வைத்திருந்தாள். அதில் நாற்பது விநாடியைச் சேர்த்துப் படத்தை மறுபடியும் போட்டாள். கீழே பெண்கள் எழுதியவற்றில் பாதி அந்த நாற்பது விநாடியைப் பற்றித்தான். "எனக்கும் இப்படித்தான் ஆயிற்று, காரணம் இன்றுதான் தெரிந்தது" என்று ஒருவர் பின் ஒருவராக எழுதியிருந்தார்கள். அத்தைக்கும் ஒரு டப்பா மக்ரூன் போயிற்று. பேச்சு வார்த்தை திரும்பிவிட்டது.

கடைசியாக, பார்க்கிற நமக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் ஆசையோடு படம் போட்டால் அவள் புடவையையும், குரலையும், பின்னால் தெரிகிற சுவரில் காரை பெயர்ந்திருப்பதையும் பற்றி எழுத எத்தனை பேர் ஓடி வருகிறார்கள்! அதற்குப் பயந்துதான் அவள் கத்தரிக்கோலை எடுக்கிறாள். அடுத்த தரம் ஒரு படம் பிடித்திருந்தால் "சூப்பர்" என்று எழுதுவதோடு நிறுத்த வேண்டாம், சகோதரிகளே. "உங்களுக்கு முதல் தடவை எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது படத்தில் அவளே காட்டிவிடுவாள்.